தாமரை இருந்த பீரோ

நம் செட்டில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. மீதிப் பேர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? போன முறை சந்தித்தபோது கல்யாண மண்டபத்து வாசலில் விட்ட செருப்பை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எல்லோரும் ஓட்டினீர்கள். சந்தேகப் பிராணியாம். சிரியுங்கள். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது, ஒரு மழைக்காலத்தில் அது என்ன காரியம் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

அப்போது செங்கல்பட்டில் குடியிருந்தோம். அம்மாவுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். ஆனாலும் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அம்மா பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் அப்பா செருப்பை ஜோடியாக விடமாட்டார். வலது காலை ஒரு வாசலிலும் இடது காலை இன்னொரு வாசலிலும் விட்டுவிட்டு வந்து, மண்டியிட்டு ஜெபம் செய்வார். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்பது அவர் கணக்கு.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. களத்தில் ஒரு மரக்கால் நெல் குறைந்தால் முதலில் எங்கள் ஆட்களின் மடியைத்தான் அவிழ்த்துப் பார்ப்பார்களாம். எட்டு வயதில் அப்பாவின் டவுசர் பையைக்கூட வெளியே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"எதனா காணாம்னா மொதல்ல நம்மளத்தான் பாப்பாங்க. அதுக்கு மின்னாடி எல்லாத்தையும் நாம பாத்துக்கினு இருக்கணும்" என்பார் அப்பா. எங்கள் வீட்டு வேதவசனம் அது.

அப்பா ஒரு கல்லூரியில் தாவரவியல் துறையின் ஸ்டோர்கீப்பர். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் சாலையில் இருந்த தனியார் கல்லூரி. இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். என் பள்ளிக்கூடம் அதற்கு அடுத்த காம்பவுண்டு. நான் ஏழாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவிடம் போய்விடுவேன். அவர் வேலை பார்த்த அறைக்கு ஹெர்பேரியம் என்று பெயர். செடிகளைப் பூவும் இலையுமாகப் பிடுங்கி, பழைய நியூஸ்பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, முழ நீளத் தடித்த தாளில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஒட்டுகிற மைதாப் பசையில் அப்பா மயில்துத்தம் கலப்பார், பூச்சி வராமல் இருக்க. அந்த வாசனையும் அந்துருண்டை வாசனையும் அவர் சட்டையிலிருந்து ரிடையர் ஆகிற வரைக்கும் போகவில்லை.

அறையில் எட்டு இரும்பு பீரோக்கள். எந்தச் செடி எந்த பீரோவில் என்பதில் ஒரு முறை இருந்தது. பூக்கிற செடிகளை முதலில் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பார்களாம். உறவு என்று தோன்றுகிற சில குடும்பங்களைச் சேர்த்து ஓர் ஆர்டர். போன நூற்றாண்டுக்கு முந்தி வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் இதழை எண்ணி, சூலகத்தை அறுத்துப் பார்த்து வகுத்த முறை அது. எட்டு பீரோவும் அதன்படிதான் நின்றன. முதல் பீரோவில் சீத்தா, அல்லி, தாமரை. எட்டாவதில் தென்னை, தாழை, புல். எனக்குப் புரியட்டும் என்று அப்பா ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"வூடு வூடா இருந்தா ஃபேமிலி. தெருவா இருந்தா ஆர்டரு. அவ்ளோதான்."

முதல் பீரோவில் ஒரு தாள் அந்தக் கல்லூரிக்கே பெருமை. தாளாளருடைய அப்பா இளவயதில் ஏரியில் பறித்துத் தன் கையாலேயே ஒட்டிய தாமரை. தாமரையை அழுத்திக் காயவைப்பது லேசான வேலை இல்லை. நீர் கோத்து அழுகிவிடும். அந்தத் தாளில் பூ, டீத்தூள் நிறத்துக்கு மாறியிருந்தாலும், ஓர் இதழ் உதிராமல் இருந்தது. விசேஷ நாட்களில் யாராவது பெரிய மனிதர் வந்தால் அப்பா அதைத் தாம்பாளம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போவார். பீரோவைப் பூட்டியதும் கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். அந்த டக் டக் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு வீட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு மேடம் தற்காலிக விரிவுரையாளராக வந்தார். வந்த வாரமே துறைத் தலைவர் அவருக்கு ஹெர்பேரியத்தின் இரண்டாவது சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ஒரு பூட்டு, ரெண்டு சாவி. இன்னாத்துக்கு ஆவுறது?" என்று அம்மாவிடம் புலம்பினார்.

அன்றிலிருந்து மேடத்தைக் கவனிப்பது என் வேலையாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அவர் படூரில் ஒரு வீட்டு மாடியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். அப்போது படூரில் ஃபிளாட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. சொந்த ஊர் தெற்கே எங்கோ. முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வாட்சை வலது கையில் கட்டுவார். பேனா வைத்துக்கொண்டே பென்சிலால் எழுதுவார். எதற்கு, அழிக்கத்தானே? ஒரு ஜெராக்ஸ் கட்டை எப்போதும் மேஜை டிராயரில் குப்புறப் போட்டு வைப்பார். இதையெல்லாம் நான் அப்பாவிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

மேடமோ எங்களைத் துளியும் சந்தேகப்படவில்லை. அதுவே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. அப்பாவை வாய் நிறைய "அண்ணே" என்பார். டிபன் பாக்ஸை மூடாமல் மேஜையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார். ஒரு நாள், மடக்கிப் பாக்கெட்டில் வைக்கிற சின்ன லென்ஸ் ஒன்றை என் கையில் கொடுத்து, "தும்பைப்பூவ இதுல பாரு, உள்ள முடி முடியா இருக்கும். பாத்துட்டு அப்புறமா குடு" என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று சொல்லவில்லை. நான் அதைப் பையின் அடியில் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, மாணவர்களைச் செடி சேகரிக்கக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கல்லூரி வேனில் கோவளம், அங்கிருந்து மாமல்லபுரம். செடியை அழுத்துகிற மரப்பலகையைத் தூக்க அப்பா, ஒட்டிக்கொண்டு நான். கோவளத்தில் மணலில் படர்ந்த அடம்பங்கொடியைப் பிடுங்கி மேடம் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாமா எழுதிக்கினு கீற? எடம் அளக்க வந்துக்கிறியா?"

"இல்லண்ணே. செடி பாக்க வந்தோம்."

"செடி பாக்கத்தான் போன மாசமும் நாலு பேரு வந்தானுங்கோ. இப்ப அங்க கம்பி வேலி போட்டுக்கீது, போய்ப் பாரு."

ரோட்டைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற பேச்சில் கடற்கரையெங்கும் நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலம். அவர் நம்பவே இல்லை, வேன் கிளம்புகிறவரை நின்று பார்த்தார். அப்பா என் காதில், "நல்லா வெவரமான ஆளு" என்றார்.

மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் டிபன் பொட்டலம் பிரித்தோம். சவுக்கு பைன் மாதிரிப் பூக்காத ஊசியிலை மரம்தானே என்று ஒரு மாணவர் கேட்டார். மேடம் சிரித்தார். "மூஞ்சிதான் அப்படி. இது பூக்குற மரம். நீ ஊசின்னு நெனைக்கறது இலையே இல்ல, குச்சி. ஒரே மாதிரி இருக்குன்னு சொந்தக்காரன் ஆக்கிடக் கூடாது."

அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதான் ஆர்டரு இருக்குதே மேடம். தெரு மாதிரி."

"தெரு இல்லண்ணே, ரத்தம். ஒரே தெருவுல பக்கத்துப் பக்கத்து வீடா இருந்தா பங்காளி ஆயிடுவாங்களா? அல்லியும் தாமரையும் அப்படித்தான். ரெண்டும் தண்ணியிலயே இருந்து இருந்து ஒரே சாயல் வந்துடுச்சு. உள்ள இருக்குற மரபணுவ எடுத்துப் பாத்திருக்காங்க இப்போ. தாமரைக்குக் கிட்டத்து உறவு யாரு தெரியுமா? ஊட்டி டீ எஸ்டேட்ல நெழலுக்கு வெக்கிறாங்களே, சில்வர் ஓக்கு, அந்த மரம்."

மாணவர்கள் ஓவென்று சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஏரித் தாமரைக்கும் மலை மரத்துக்கும் முடிச்சுப் போடுகிற ஆள் எதற்கும் துணிந்த ஆள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கார்த்திகை கடைசியில் ஒரு சாயங்காலம். அப்பா ஆபீஸ் பக்கம் போயிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் முதல் பீரோவைத் திறந்து அந்தத் தாமரைத் தாளை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். பிறகு அதைக் கையில் ஏந்திக்கொண்டு அறையின் மறுகோடிக்கு நடந்தார். நடுவில் பீரோக்கள் மறைத்தன. நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். வெறுங்கையோடு திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பாவிடம் ஒரு முறை உண்டு. சனிக்கிழமைக்கு ஒரு பீரோ வீதம் எல்லாத் தாளையும் எடுத்துத் தூசி தட்டி, புது அந்துருண்டை போட்டு அடுக்குவார். எட்டு வாரத்தில் ஒரு சுற்று. தாள்களுக்கு நடுவில் தனித்தாள் எது கிடந்தாலும் எடுத்துவிடுவார். ராமபாணப் பூச்சி முதலில் அதில்தான் முட்டை வைக்கும் என்பார். அந்தத் தாள்கள் எனக்கு. ஒரு பக்கம் காலியாக இருந்தால் போதும், அம்மா ஊசி நூலால் தைத்து ரஃப் நோட்டு ஆக்கிவிடுவாள். அந்த வாரம் சனிக்கிழமை முதல் பீரோவின் முறை. துண்டுத்தாள்களை நான்தான் பொறுக்கினேன். தாமரையின் அட்டை உறை அதன் இடத்திலேயே இருந்தது. அப்பா அதைத் தட்டி வைத்தார், பிரித்துப் பார்க்கவில்லை.

அரைப்பரீட்சை முடிந்து, கிறிஸ்துமஸ் லீவுக்கு மேடம் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் துறைத் தலைவர் வந்தார். பொங்கலுக்குப் பிறகு கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது, தாமரைத் தாளைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டத் தாளாளர் சொல்லியிருக்கிறார் என்றார். அப்பா உறையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முதல் பீரோவை மூன்று முறை காலி செய்து அடுக்கினார். பீரோவின் தலையில், அடியில், மேஜைக்குப் பின்னால், குப்பைக்கூடையில் எல்லாம் பார்த்தார். மற்ற பீரோக்களைத் தொடவில்லை. "வேற பீரோவுல பாருப்பா" என்று நான் சொன்னதற்கு, "மீனைக் காணாம்னா கோழிக்கூண்டுலயா தேடுவாங்க?" என்று எரிந்து விழுந்தார். எங்களுக்கு அது ஆர்டர். அல்லிப் பக்கத்தில் இருக்க வேண்டியது அல்லிப் பக்கத்தில்தான் இருக்கும். இல்லையென்றால் களவு.

துறைத் தலைவர் திருக்கழுக்குன்றத்தில் கோயில் பக்கத்துக் குடும்பம். குரலை உயர்த்தவே மாட்டார். சாயங்காலம் அறைக்கு வந்து, "சாவி உன்கிட்டதானேப்பா இருக்கு?" என்றார்.

"மேடத்துகிட்டயும் ஒண்ணு கீது சார்."

"அது தெரியும். தாளாளர் உன்னைத்தான் கேட்பார். உன் வேலை இது."

அப்பா சாவிக்கொத்தை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டவுசர் பையை வெளியே இழுத்துவிட்டு நிற்கிற எட்டு வயதுப் பையன் என் கண்ணுக்குத் தெரிந்தான். அப்பாவுக்கு வேலை போனால் எங்களுக்கு என்ன இருக்கிறது? நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

"சார், மேடம் அந்தத் தாளை எடுத்தாங்க. நான் பாத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எடுத்து என்ன பண்ணாங்க பாப்பா?"

"கையில வெச்சுகினு அந்தப் பக்கம் போனாங்க."

"அவங்க மேஜைப் பக்கமா? மேஜையில அவங்க பை இருக்குமே. பையில வச்சாங்களா?"

அந்தப் பக்கத்தில் மேஜையும் இருந்தது, ஏழாவது பீரோவும் இருந்தது. தாள் முழ நீளம். மேடத்தின் பையில் டிபன் பாக்ஸும் குடையும் வைத்தாலே ஜிப் மூடாது. அங்கே நின்ற மூன்று பேரும் அந்தப் பையைத் தினமும் பார்த்தவர்கள்தான். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதா என்று என்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தோன்றியது என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமா சார். பையில வெச்சாங்க."

அப்பா சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். துறைத் தலைவர் பெருமூச்சு விட்டார்.

"படிச்ச பொண்ணு. இதைப் போய்க் கேட்டா அவளுக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். பொங்கலுக்கு அப்புறம் வரவேண்டாம்னு லெட்டர் போட்டுடறேன். நிதி இல்லைன்னு எழுதிக்கலாம்."

கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்தார். அன்றைக்கு அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "கேட்டாத்தான் பேஜாரு" என்றார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நான் கேட்காமலே எனக்கு இரண்டு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து மேடம் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். அப்பா எல்லாவற்றையும் முன்பே ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி, அறை வாசலில் வைத்திருந்தார். உள்ளே விடவேண்டாம் என்று உத்தரவு. ஒவ்வொரு பொருளாகப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. அப்பா வாசற்படியில் குந்தி, புத்தகத்தை எல்லாம் விரித்து உதறினார். ஜெராக்ஸ் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்னண்ணே தேடறீங்க?" என்றார் மேடம்.

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தாமரை எங்கே மேடம் என்று மூன்று வார்த்தைகூட வேண்டாம்.

"ஒண்ணும் இல்ல மேடம். சொம்மா" என்றார் அப்பா.

மேடத்துக்கு வேலை போன வருத்தம்தான் இருந்தது, வேறு எதுவும் தெரியாது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "லென்ஸ் உன்கிட்டதானே இருக்கு? நீயே வெச்சுக்கோ. தொலைச்சிடாத" என்றார். அந்த அறையில் அடுத்தவர் பொருளைப் பையில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அவர் பெட்டியோடு சாலையைக் கடந்து திருப்போரூர் பஸ்ஸுக்கு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டு சனிக்கிழமை கழித்து அந்துருண்டை முறை ஏழாவது பீரோவுக்கு வந்தது. நான் துண்டுத்தாள் பொறுக்கக் காத்திருந்தேன். அப்பா சில்வர் ஓக் உறையைப் பிரித்தார். ஊட்டி டூரில் மாணவர்கள் கொண்டுவந்த கிளைக்கு அடியில், டீத்தூள் நிறத்தில், ஓர் இதழ் உதிராமல் தாமரை இருந்தது. கூடவே பென்சிலால் எழுதிய சீட்டு. "தாமரை. முன்பு இருந்த இடம் முதல் பீரோ. அங்கே அண்ணனுக்குச் சீட்டு வைத்திருக்கிறேன்."

அப்பா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போய் ரஃப் நோட்டைப் பிரித்தேன். நான் போட்ட தசமபின்னக் கணக்குகளுக்குப் பின்பக்கத்தில், நூல் குத்திய ஓட்டைகளுக்கு நடுவில், குண்டு குண்டான தமிழ் எழுத்து. "அண்ணே, தாமரையை ஏழாவது பீரோவில் சில்வர் ஓக்குடன் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சாருக்குப் பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், நானே திருப்பி வைத்துவிடுகிறேன்." அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்று தமிழில் எழுதியிருக்கிறார். துண்டுத்தாள் என்றால் குப்பை என்று அப்பா படிக்கவில்லை. ஒரு பக்கம் காலியா என்று மட்டும் பார்த்தவள் நான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார். "பையில வெச்சதை நீ பாத்தியா?"

"இல்லப்பா."

அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "சார்கிட்ட சொல்லிடலாம்பா" என்றேன்.

"இன்னான்னு சொல்ல? சீட்டைத் தூக்கிப் போட்டது நானு. பொய் சொன்னது நீயி. யாரை நிக்க வெப்பாங்க?"

தாமரையைப் பழைய உறையில் போட்டுவிட்டு, கிடைத்துவிட்டது என்று மட்டும் துறைத் தலைவரிடம் சொன்னார். எப்படிக் கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை. அவருக்குப் பதில் தயாராக இருந்தது.

"பார்த்தியா? சாமான் எடுக்க வந்த அன்னைக்கே பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டா. நல்ல வேளை, நாம பெரிசு பண்ணலை."

மேடம் அன்றைக்கு வாசற்படியைத் தாண்டவே இல்லை. அது அப்பாவைவிட யாருக்குத் தெரியும்? சந்தேகம் என்பது எப்பேர்ப்பட்ட சரக்கு பாருங்கள். காணாமல் போனாலும் திருடி, கிடைத்தாலும் திருடி.

"இருக்கும் சார்" என்றார் அப்பா.

பார்வைக் குழு வந்தது, ஹாலில் மாட்டியிருந்த தாமரையைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனது. பிறகு தாள் மறுபடி முதல் பீரோவுக்கே வந்துவிட்டது. அப்பாவுக்கு வேலை நிலைத்தது. அந்த வேலையில்தான் நான் படித்தேன், காமர்ஸ் எடுத்தேன். செடி பக்கமே போகவில்லை.

கொஞ்ச வருஷம் கழித்து எதிர்வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தாள். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், தாமரைக்கும் அல்லிக்கும் என்ன உறவு என்று.

"ஒரு உறவும் இல்லக்கா. தாமரையைத் தனியாப் பிரிச்சு ரொம்ப நாளாச்சு. இப்போ அது சில்வர் ஓக் இருக்குற ஆர்டர். எங்களுக்குப் பரீட்சையிலயே கேட்டாங்க."

அன்று சமைக்க ஓடவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் படூருக்குப் பஸ் ஏறினேன். மேடம் தங்கியிருந்த வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. தெற்கே எந்த ஊர் என்று நாங்கள் யாரும் கேட்டு வைத்ததே இல்லை. வாட்சை எந்தக் கையில் கட்டுவார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

கல்லூரி இரண்டாயிரங்களின் கடைசியில் மூடப்பட்டது. பீரோக்களை வேறொரு கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடானது. அடுக்கு முறை தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், ரிடையரான அப்பாவைக் கூப்பிட்டார்கள். கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, படிக்க முடியாது. துணைக்கு நான் போனேன். நான் பெயர்ச்சீட்டைப் படிக்கப் படிக்க, அவர் கட்டச் சொன்னார்.

தாமரைத் தாள் வந்தபோது நான் நிறுத்தினேன். அதை எடுத்துக்கொண்டு போய் ஏழாவது பீரோவில் சில்வர் ஓக் உறையில் வைத்தேன்.

"எவனாச்சும் பாக்கப் போறான்" என்றார்.

"பாக்கட்டும்பா." பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தேன்.

"இன்னா எழுதுற? படி."

படித்தேன். "இந்தத் தாமரையை இந்த இடத்துக்கு முதலில் மாற்றியவர் இக்கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர். அவர் செய்தது சரி. தாள் ஒருநாளும் களவு போகவில்லை. அவர் இதைப் பையில் வைத்ததாகச் சொன்னது பொய். சொன்னது நான்."

அப்பா பீரோக் கதவைத் தடவினார்.

"சீட்டு வெச்சிருந்தாங்களே. அத்தைப் படிக்காம தூக்கிப் போட்டது யாருன்னு நீ எழுதலயே."

"அது வேணாம்பா."

"தெரிஞ்ச அப்பாலயும் வாயை மூடிக்கினு இருந்தது யாரு? எழுது. இந்தத் தபா என்னைப் பாக்கட்டும்."

எழுதினேன். பேனாவை வாங்கிக்கொண்டார். கண் தெரியாததால் கோடு எங்கே என்று தன் விரலைப் பிடித்து வைக்கச் சொன்னார். சம்பள ரிஜிஸ்டரில் போடுவதுபோல இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாகப் போட்டார். கீழே மிச்சமிருந்த இடத்தில் நான் என் பெயரை எழுதினேன்.